கப்ராலின் காலில் கட்டாத நூல்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று சென்னையில் ஒருவன் வாய்விட்டுச் சொன்னால், கேட்பவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். நம் பக்கத்தில் மதுவிலக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்புக்கு ஒரே பொருள்தான். "உடம்புக்குக் கொஞ்சம் கடற்காற்று தேவைப்படுகிறது" என்று லீவு கேட்டு எழுதினேன். எங்கள் மேனேஜர் படித்துவிட்டு, "காற்றுதானே? தாராளமா வாங்கிக்கும். திரும்பி வந்து என் எதிரில் நின்று ஊதாமல் இருந்தால் சரி" என்றார்.

நிஜமான காரணம் அதைவிடக் கேவலம். நான் போனது கவுதாரி வறுவல் தின்ன.

என் மனைவியின் அக்காளைப் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் கொடுத்திருக்கிறது. அவர் கணவர் அந்துவான், என் சகலை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்த் திரும்பி, இப்போது பென்ஷன் வாங்குகிற 'சொல்தா', அதாவது பட்டாளத்துக்காரர். சுட வேண்டியதையெல்லாம் அங்கேயே சுட்டுவிட்டதால், ஊரில் துப்பாக்கியைத் தொடுவதில்லை. கண்ணி வைத்துக் கவுதாரி பிடிப்பார். வருஷத்துக்கு ஒரு நாள் அந்த வீட்டில் கவுதாரி விருந்து உண்டு. எங்கள் வேதத்தைச் சேராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பாஸ்குத் திருநாளுக்கு (ஈஸ்டர் என்பார்களே, அதுதான்) முன்னால் நாற்பது நாள் தபசுகாலம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டால், அந்துவான் வீட்டில் பாஸ்கு வரைக்கும் இறைச்சி கிடையாது. ஆகவே அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒரு கட்டு கட்டிவிடுவார்கள். மர்திகிரா என்று அதற்குப் பிரெஞ்சில் பெயர். பெயர் தெரியாவிட்டாலும் சாப்பிடலாம்.

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லாதீங்க. அக்கா வீட்டு அடுப்படிக்குப் போறேன்னு சொல்லுங்க" என்று மனைவி பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் அவள் வரவில்லை.

இந்த 1958 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. திண்டிவனம் வழியாக ஏறத்தாழ நூறு மைல். ரயிலில் போனால் விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும். மாறுகிற அவசரத்தில் என் தூக்குச்சட்டி ஒரு தடவை தனியாகத் திருச்சிக்குப் போயிருக்கிறது. எனவே பஸ். காலை ஆறரைக்கு ஏறினால், திண்டிவனத்தில் இட்லிக்கு நிறுத்தியது போக, பன்னிரண்டு மணிக்கு இறக்கிவிடுகிறார்கள். டிக்கெட் மூன்றே முக்கால் ரூபாய். வலதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். இடதுபக்கம் உட்கார்ந்தவர்கள் பாண்டிச்சேரிக்குப் பாதி வெந்துதான் வந்து சேர்கிறார்கள்.

பஸ் நின்ற இடத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். புஷ்வண்டி பிடித்தேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நம் ஊர் ரிக்‌ஷா போல முன்னால் இழுப்பதல்ல. பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவார். முன்னால் ஒரு கைப்பிடி இருக்கும், உட்கார்ந்திருப்பவர் அதைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். கூலியையும் கொடுத்து, வண்டியையும் நாமே ஓட்டுகிற பெருமை உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. நான் ஓட்டிய அழகில் வண்டி ஒரு மீன்காரம்மாவின் கூடையை உரசிவிட்டது.

"கண்ண எங்கய்யா வச்சிருக்க?" என்று அந்தம்மா என்னை விட்டுவிட்டுப் பின்னால் இருந்தவரைப் பிடித்துக்கொண்டார்.

"நா இல்லக்கா. தள்றதுதான் என் வேல. திருப்பறது தோ இந்தப் பட்டணத்து ஐயா வேல" என்றார் அவர்.

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பட்டப்பகல்லயேவா?" என்றார். நான் ஒரு சொட்டுக்கூடத் தொடாத நேரம் அது. கூலி ஐம்பது நயா பைசா. எட்டணாதான் வேண்டும், அந்தப் புதுக் காசு வேண்டாம் என்று தள்ளியவர் பிடிவாதம் பிடித்தார். பழைய எட்டணா கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் என்னை வரவேற்றவள் செசில். சகலையின் ஒரே மகள், வயது பத்து. வழக்கமாகக் குழந்தைகள் ஊரிலிருந்து வருகிறவரின் கையைப் பார்ப்பார்கள். இவள் என் காலைப் பார்த்தாள்.

"சித்தப்பா, அப்படியே நில்லுங்க. நீங்க நிக்கறது எறும்புங்க போற வழி."

நின்றேன். எறும்புகள் ஒரு செத்த பூரானை என் செருப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய்ச் சேரும்வரை, பெட்டியைக் கையில் பிடித்தபடி, முத்தியால்பேட்டை வெயிலில் நின்றேன். செசிலைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அந்த வீட்டுப் பல்லிகளுக்குப் பெயர் உண்டு. தண்ணீர்த்தொட்டியில் குளவி குடிக்க வரும் நேரத்தில் யாரும் அங்கே முகம் கழுவக்கூடாது. சமையலறைக்குப் பின்னால் ஒரு பழம்பானையில் சாணியும் வைக்கோலும் அடைத்து, தண்ணீர் தெளித்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஓரிரு நாளில் அடியில் கரையான் கட்டிவிடும். யாருக்கு என்கிறீர்களா? கப்ராலுக்கு.

கப்ரால் என்பது ஒரு கவுதாரி. பட்டாளத்தில் சிறு அதிகாரிக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததால் சகலை வைத்தது. இரண்டு வருஷம் முன்பு புதரிலிருந்து கொண்டு வந்தபோது கோலிக்குண்டு அளவு குஞ்சாம். செசில்தான் கரையானை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் வைத்து வளர்த்தாள். அது அவள் பின்னாலேயே நடக்கும். பள்ளிக்கூடம் விட்டு அவள் தெருமுனை திரும்பும்போது, கூண்டுக்குள்ளிருந்து வீடே அதிரக் கூப்பிடும். அதன் கரையானில் கொஞ்சம் என் பெட்டிக்கும் வந்து, புது வேட்டியின் கரையை அரித்துவிட்டது என்பதை மறுநாள் கண்டேன். அண்ணி (மனைவியின் அக்காளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வேட்டியைப் பார்த்து, "பரவால்ல, உள்பக்கம் மடிச்சிக் கட்டிக்குங்க" என்றார். மூன்று நாளும் நான் வாசல் பக்கம் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடியலில் சகலை கண்ணி வைக்கக் கிளம்பினார். நானும் கிளம்பினேன். தட்டில் விழுவது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவைப்பது நல்லதுதானே. கூண்டில் கப்ராலை வைத்து மேலே கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்.

"நானும் வரேம்ப்பா" என்றாள் செசில். ஒவ்வொரு தடவையும் கேட்பாளாம், ஒவ்வொரு தடவையும் இல்லை என்பாராம். கப்ரால் காற்று வாங்கப் போகிறது என்று சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வருகிற கவுதாரிக்கும் காற்று வாங்கப் போகிற கவுதாரிக்கும் அவள் முடிச்சுப் போட்டதில்லை.

"கூட்டிக்கிட்டு வாங்க சகல. எனக்குப் பேச்சுத் துணை" என்றேன் நான். என் வாய் எப்போதும் இப்படித்தான், கேட்காத இடத்தில் வேலை செய்யும்.

லாஸ்பேட்டைக்கு அப்பால் செம்மண் மேடு, முத்தியால்பேட்டையிலிருந்து இரண்டு மைல் நடை. பனைமரம், முந்திரிப் புதர், நடுவில் முள். விடியும் முன்பே போய்விட வேண்டும். சகலை ஒரு வெட்டவெளியில் கூண்டை வைத்தார். சுற்றிலும் குதிரைவால் மயிரில் திரித்த சுருக்குகளைத் தரையோடு தரையாக நட்டார். நாங்கள் முந்திரிக்குப் பின்னால் குந்தினோம். கிழக்கு வெளுத்ததும் அவர் ஒரு நீளக் கயிற்றால் துணியை இழுத்துவிட்டார்.

கப்ரால் கண்ணைச் சிமிட்டியது, நெஞ்சை நிமிர்த்தியது, கூப்பிட்டது. சிறிய பறவைக்கு அவ்வளவு பெரிய குரல் எதற்கு என்று எனக்கு எப்போதும் சந்தேகம். எங்கோ தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. கப்ரால் இன்னும் உரக்க. அது இன்னும் கிட்டத்தில்.

"இன்னா பேசிக்குதுங்க?" என்று செசில் கிசுகிசுத்தாள். முகமெல்லாம் பூரிப்பு. தன் பிள்ளை மேடையேறிப் பாடுவதைப் பார்க்கிற தாய் மாதிரி.

"இது என் எடம், தைரியம் இருந்தா வாடாங்குது. அவன் சும்மா இருப்பானா? ஓடியாருவான் பாரு" என்றார் சகலை.

ஓடித்தான் வந்தான். புதரிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு, சிறகைத் தாழ்த்திக்கொண்டு, நேராகக் கூண்டைப் பார்த்து. சுருக்கு காலில் விழுந்தது. அப்புறம் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. செம்மண் தூசி எழுந்தது, அடங்கியது, சகலை எழுந்து போனார். கூண்டுக்குள் கப்ரால் வாயை மூடிக்கொண்டது.

அன்று இரண்டு கிடைத்தன. திரும்பும் வழியில் சாரம் பக்கமிருந்து வருகிற காய்கறி வண்டிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. செசில் வீடு நெருங்கும்போதுதான் கேட்டாள்.

"அப்பா, அது கப்ரால் எடமே இல்லியே. அது எடம் நம்ம ஊடுதான?"

"ஆமா. அது அவனுக்குத் தெரியாதில்ல."

"கப்ராலுக்கும் தெரியாது. நமக்குத்தான் தெரியும்."

சகலை பூசைக்கு நேரமாகிறது என்று நடையை எட்டிப் போட்டார்.

மத்தியானம் அந்த இரண்டும், செவ்வாய் விருந்துக்கு ஒத்திகை போல, மிளகு போட்டு வறுபட்டு வந்தன. செசில் எதிரில் உட்கார்ந்து ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். என் தட்டில் ஒரு தொடை. அவள் கண் அந்தத் தொடையில்.

"சித்தப்பா, இது பசியா, ஆசையா?"

இந்த இடத்தில் என் கை தட்டிலேயே நின்றுவிட்டது என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் மரியாதை வரும். கை நிற்கவில்லை. ஆனால் கடித்தது தொண்டையில் இறங்க ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது, அந்த ஊரில் நான் தண்ணீரைத் தேடிக் குடித்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை ஊர் சுற்றினேன். கடற்கரை, கடைத்தெரு, ஒரு கடையில் மருந்துக்குக் கொஞ்சம் (என் மேனேஜர் இதைப் படிக்கக்கூடும், தண்ணீர் கலந்ததுதான்). மறுநாள் விடியலில் சகலை பெரிய வேட்டைக்குப் போக வேண்டும். பட்டாளத்துப் பழைய கூட்டாளிகள் விருந்துக்கு வருகிறார்கள். திங்கள் ராத்திரிச் சாப்பாட்டில் அந்த வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. தபசுகாலத்தில் ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒறுத்தல் என்பார்கள். எதை விடப்போகிறோம் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சொன்னதுதான், பாஸ்கு வரைக்கும் மீறக்கூடாது, மற்றவர்களும் தடுக்கக்கூடாது.

சகலை சுருட்டு என்றார். அண்ணி காப்பிக்குச் சர்க்கரை. நான் வழக்கம்போல் பாகற்காய்.

"நீங்க பாகக்கா துன்னு நாங்க பாத்ததே இல்லியே" என்றார் அண்ணி.

"அவ்வளவு கடுமையா ஒறுத்தல் பண்றேன் அண்ணி."

செசில் அப்பாவைப் பார்த்தாள். "போன வருஷம் நான் கடலை உருண்டைய வுடறேன்னு சொல்லிட்டு அழுதப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்களேப்பா. அப்பனே வந்து தடுத்தாலும் சொன்னத மாத்தக்கூடாதுன்னு. அது இந்த வருஷமும் உண்டா?"

"எந்த வருஷமும் உண்டு. பட்டாளத்து உத்தரவு மாதிரி."

"புதன்கெழமைக்கு முன்னாடியே ஆரம்பிச்சா தப்பா?"

"தப்பா? முன்னாடியே ஆரம்பிச்சா இன்னும் புண்ணியம்."

அந்த நொடியில் எனக்குச் செம்மண் மேடு ஞாபகம் வந்தது. தலையை நீட்டிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு ஓடி வந்த அந்தப் பறவை. சகலையும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்.

"எனக்கு ரொம்பப் புடிச்சது கப்ரால். நாளைக்குக் காலைல அத வுட்டுடறேன்" என்றாள் செசில். சொல்லி முடித்ததும் உதடு கோணிக்கொண்டது. அழவில்லை.

சகலை சோற்றை விட்டு நிமிர்ந்தார். "நாளைக்கு விருந்து கண்ணு. கப்ரால் இல்லாம ஒண்ணுகூட வராது. வரவங்களுக்கு இன்னாத்தப் போடறது?"

"கோழிக்குச் சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணி.

"எப்ப சொன்ன?"

"நேத்து. உங்க பொண்ணு ரசஞ்சோறு துன்ன அழகப் பாத்தேன், சொல்லிட்டேன்."

பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், சொந்தச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பக்கமும் வளைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். கோபிக்கவில்லை. எழுந்து போய் அண்ணியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூல் கொண்டு வந்தார்.

"சரி. உத்தரவு உத்தரவுதான். ஆனா வளத்தது அது, காட்ட அறியாது. இத அது கால்ல கட்டி வுடு. பாஸ்குக்கு அப்புறம் நான் வேற பறவைய வச்சிக் கண்ணி போட்டாலும், சிவப்பு நூலப் பாத்தா வுட்டுடறேன். இது என் வாக்கு."

செசில் நூலை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. பாதி மருந்து.

செவ்வாய் விடியலில் அவளும் நானும் மட்டும் போனோம். "என் காலு வராது சகல" என்று சொல்லிவிட்டார் அவர். கிளம்பும் முன் பானையை நிமிர்த்தி, இருந்த கரையான் அத்தனையையும் கப்ராலுக்குக் கொட்டினாள். வழியெல்லாம் கூண்டைத் தானே சுமந்தாள். கை வலித்து மாற்றும்போது நான் கேட்டும் கொடுக்கவில்லை. துணிக்குள்ளே அது கொர் கொர் என்று பேசிக்கொண்டு வந்தது, அவளும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டு நடந்தாள். எனக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகவே தாழ்த்திப் பேசினாள் என்பதால் நானும் பின்தங்கி நடந்தேன். ஆளைப் பார்த்தால் தெரியாது, எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

மேட்டில் கூண்டைத் திறந்தாள். கப்ரால் வெளியே வரவில்லை. வா என்றாள், வரவில்லை. போ என்றாள், அவள் மடியைப் பார்த்தது. கடைசியில் வந்து, வெட்டவெளியில் இரண்டு சுற்று சுற்றி, என் கட்டைவிரலைக் கரையான் என்று நினைத்துக் கொத்தியது. நான் கத்திய கத்தலில் முந்திரிப் புதரிலிருந்து ஏதோ எழுந்து ஓடியது. அது ஓடிய பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூப்பாடு. கப்ரால் கழுத்தை நீட்டியது. இந்தத் தடவை சுற்றிலும் கம்பி இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நடந்து, நடந்து, அப்புறம் ஓடி, புதருக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்க்கும் என்று நாங்கள் இருவரும் நின்றோம். பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "செசில்! நூலு!"

அவள் கையை விரித்தாள். சிவப்பு நூல் சுருண்டு வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டியா? அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நான்தான் தொலைச்சேன்னு. என்னை நம்புவாரு. என்னைப் பத்தி எத வேணும்னாலும் நம்புவாரு."

"வேணாம் சித்தப்பா. நாளைக்குச் சாம்பல் பூசிக்கணும். பொய் சொல்லிட்டா பூசிக்கறது?" என்று சொல்லிவிட்டு, வெறுங்கூண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்போதுதான் அழுதாள். இரண்டு மைலும் அழுதாள். நான் பேசாமல் வந்தேன். என் வாழ்க்கையில் தொடர்ந்து இரண்டு மைல் பேசாமல் வந்தது அது ஒன்றுதான்.

சகலை வாசலில் காத்திருந்தார். "கட்டினியா?"

"கட்டல."

"ஏன்?"

"கட்டினா கப்ரால் மட்டுந்தாம்ப்பா தப்பிக்கும்."

நூலை அவர் கையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். சகலை சுருட்டைப் பற்றவைத்தார், நாற்பது நாளைக்குக் கடைசிச் சுருட்டு. அது அணைந்துபோனதை அவர் கவனிக்கவே இல்லை. மத்தியானம் கூட்டாளிகள் வந்து, "எங்கப்பா கவுதாரி?" என்றபோது, "லீவுல போயிருக்கு" என்றார். கோழி நன்றாக இருந்தது. நன்றாகவே இருந்தது என்று நான் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அண்ணி எலும்பை எடுத்து என் தட்டில் போட்டார்.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு பஸ் ஏறினேன். வெறுங்கூண்டை என்னிடம் கொடுத்துவிட்டாள் செசில். இந்த வீட்டில் இருந்தால் அப்பாவுக்கு ஆசை வரும் என்று காதில் சொன்னாள். எல்லையில், கோரிமேட்டில் மதுவிலக்குப் போலீஸ் ஏறியது. இங்கே ஒரு யோசனை: பெட்டியைத் தானாகத் திறந்து காட்டிவிடுங்கள். கூண்டு கொண்டுபோகாதீர்கள்.

"இதுல இன்னா இருந்துச்சு?"

"கவுதாரிங்க."

"எங்க இப்ப?"

"காட்டுல விட்டுட்டோம்."

"பாண்டிச்சேரிக்குக் கவுதாரியக் கொண்டாந்து, விட்டுட்டு, வெறும் கூண்ட எடுத்துக்கிட்டுப் போற?" போலீஸ்காரர் கூண்டின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். கம்பியை முகர்ந்தார். என்னை முகர்ந்தார். "நெத்தியில இன்னா சாம்பலு?"

"பாவத்துக்குங்க."

"அப்ப சரி, போ" என்றார். அந்தக் கூண்டில் இப்போது என் மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் நாற்பது நாளும் எனக்கு ஒரே நமைச்சல். பாஸ்குவோடு ஒறுத்தல் முடிகிறது. சுருட்டு திரும்பும், சர்க்கரை திரும்பும், நானும் பாகற்காய்க்குத் திரும்பலாம். கண்ணி? எனவே பாஸ்குவுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை அதே ஆறரை மணி பஸ், அதே வலதுபக்க ஜன்னல். அதே புஷ்வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும், "ஐயா, இந்த வாட்டி நீங்க சும்மா குந்துங்க, நான் சொல்றப்ப மட்டும் திருப்புங்க" என்றார்.

பாஸ்கு விடியலில், ராத்திரிப் பூசை முடிந்த கண்ணெரிச்சலோடு படுத்திருந்த என்னைச் சகலை எழுப்பினார். தோளில் கண்ணிப் பை. புடைத்திருந்தது. செசில் அதைப் பார்த்தாள், செருப்புகூடப் போடாமல் முன்னால் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் நடந்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு நடுவில் வாயில் எச்சில் ஊறியதையும் மறைக்கப் போவதில்லை. மனசு வேறு, நாக்கு வேறு.

மேட்டில் ஏறும்போதே குரல்கள். வடக்கே ஒன்று, பனங்கூட்டத்தில் ஒன்று, முந்திரிக்குப் பின்னால் இரண்டு. சகலை நின்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பினார்.

"எது அவன்?" என்றார் மகளிடம்.

"தெரியலப்பா."

"எனக்கும் தெரியல."

அப்போதுதான் வெட்டவெளியில் ஒருவர் குனிந்திருப்பதைப் பார்த்தோம். மூலக்குளம் பக்கத்து ஆள், சகலைக்கு முகப்பழக்கம். பக்கத்தில் துணி போர்த்திய கூண்டு. கையில் சுருக்கு.

"யோவ், இங்க வேணாம்யா" என்றார் சகலை.

"ஏன்? காடு உங்கப்பன் ஊட்டுதா?"

"காடு எங்கப்பன் ஊட்டுது இல்ல. கவுதாரி என் பொண்ணோடது."

அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலா பக்கமும் கூவிக்கொண்டிருந்தன. "எது?"

"அதான் தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா எல்லாத்தையும் வுடணும். வேற இன்னா வழி?"

"நல்ல கதையா இருக்குதே சொல்தா! அடுத்த வாரம் வருவேன், அப்ப இன்னா பண்ணுவ?"

"வா. நானும் வரேன்" என்றார் சகலை.

"நானும் வருவேன்" என்றாள் செசில்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் சென்னைக்காரன், திங்கட்கிழமை ஆபீஸ். இருந்தாலும் "நானும்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சுருக்குகளைப் பிடுங்கிக்கொண்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அடுத்த வாரம் வந்தாரா, வேறு மேட்டுக்குப் போனாரா, தெரியாது. இந்த மேட்டுக்கு வந்தால் அங்கே ஆள் இருக்கும் என்று மட்டும் தெரியும்.

சகலை பையைத் திறந்தார். ரொட்டி, வாழைப்பழம், வெங்காயச்சருகில் வேகவைத்துச் சிவந்த முட்டைகள்.

"கண்ணி எங்கப்பா?" என்றாள் செசில். அன்று காலை அவள் கேட்ட முதல் கேள்வி.

"உங்கம்மா தலகாணிக்குள்ள. குதிர மயிரு, நல்லா மெத்துனு இருக்குதாம்."

அவள் சிரித்த சிரிப்புக்கு முந்திரிக்குப் பின்னால் இருந்த இரண்டும் வாயை மூடிக்கொண்டன. அப்புறம் ஒவ்வொன்றாக மறுபடியும் ஆரம்பித்தன.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை போங்கள், அதற்கப்புறம் வெயில் தாங்காது. முத்தியால்பேட்டையில் இரவு தங்கினால் விடியலில் நடந்தே மேட்டுக்குப் போகலாம். முள் உண்டு, செருப்பு அவசியம், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. முந்திரிப் புதருக்குப் பின்னால் பேசாமல் உட்காருங்கள். மருந்து வேண்டுமானால் கடைத்தெருவிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கோரிமேட்டில் முகர்ந்து பார்க்கிறார்கள். எறும்பு போகிற வழியில் நிற்காதீர்கள்.

யாராவது உங்களைக் கவுதாரி வறுவலுக்கு அழைத்தால், தட்டைத் தொடும் முன், இது கப்ரால் இல்லையே என்று கேளுங்கள். அவர்களால் சொல்ல முடியாது. எங்களாலும் முடியவில்லை. அதனால்தான் நான் இப்போது பாகற்காய்க்குப் பழகிக்கொண்டிருக்கிறேன்.